மாத்திரை தவறாமல் எடுத்தும் தைராய்டு கட்டுக்குள் வராதது ஏன்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் என்னுடன் வசிக்கும் அம்மாவுக்கு வயது 58. தைராய்டு சுரப்புக் குறைவுக்காக ஓராண்டாக லெவோதைராக்சின் எடுக்கிறார். ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் பசியாறும்போது தே தாரே எனும் பால் தேநீரோடு அதையும், மூட்டு வலிக்காக வாங்கிய கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கிவிடுவார். அண்மைப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 9.2 என்று வந்துள்ளது. "தைராய்டு கூடிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடவா?" என்று கேட்கிறார்.

பதில்: நிறுத்தக் கூடாது. அந்த 9.2 தைராய்டு ஹார்மோனின் அளவன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பியைத் தூண்டுவதற்காக இரத்தத்தில் விடும் ஹார்மோனே டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் (லெவோதைராக்சின் அதன் மாத்திரை வடிவம்) இரத்தத்தில் குறைந்தால் பிட்யூட்டரி இந்தத் தூண்டலைக் கூட்டும். போதிய அளவு இருந்தால் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே, ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பெனக் கொள்ளப்படும் இந்த அளவு 9-ஐத் தாண்டியிருப்பது, அம்மாவின் உடலுக்குத் தைராக்சின் போதவில்லை என்பதையே காட்டுகிறது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மருந்தை நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

மாத்திரை எடுத்தும் ஏன் போதவில்லை? நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அவர் மாத்திரை எடுக்கும் முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. லெவோதைராக்சின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. கால்சியமும் இரும்புச்சத்தும் அங்கே அதனுடன் பிணைந்துகொண்டு, அது இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. பால், காப்பி, சோயா பால் ஆகியவையும் உறிஞ்சுதலைக் குறைக்கக்கூடியவை. அதனால் அம்மா எழுந்தவுடன் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கட்டும்; அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறட்டும். கால்சியம் மாத்திரைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி தேவை என்பதால், அதை மதிய உணவுக்கு மாற்றிவிடுவது எளிது.

இந்த விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவர் மருந்தளவைக் கூட்டிவிடலாம்; பின்னர் அம்மா சரியான முறைக்கு மாறும்போது கூடுதல் அளவு முழுவதும் உடலில் சேர்ந்து, படபடப்பும் தூக்கமின்மையும் தோன்றும். நீண்ட காலம் அப்படியே நீடித்தால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும்.

முறையை மாற்றிய மறுவாரமே இரத்தம் கொடுப்பதில் பயனில்லை. தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். புதிய அளவு நிலைபெற்று, பிட்யூட்டரியும் அதற்கேற்ப இறங்கிவர 6 முதல் 8 வாரம் தேவை. முடி உதிர்வுக்காக அவர் பயோட்டின் என்னும் வைட்டமின் எடுப்பவராக இருந்தால் அதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். சில ஆய்வுக்கூட முறைகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள்.