சாலை எட்டாத க்வாமலசமுது கிராமத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டில், பிரேசில் எல்லையை ஒட்டிய மழைக்காட்டினுள் சிபாலிவினி ஆற்றங்கரையில் அமைந்துள்ள க்வாமலசமுதுவுக்குத் தலைநகர் பராமரிபோவிலிருந்து சாலை கிடையாது. சிறு விமானத்தில்தான் செல்ல வேண்டும். பெரும்பாலும் திரியோ பழங்குடியினர் வாழும் இவ்வூரைப் பழமையானது என்று பலர் கருதுவது சரியன்று. காட்டில் சிறு குழுக்களாகச் சிதறி வாழ்ந்தவர்களைக் கிறித்தவ மிஷனரிகள் 1960களில் அலலபாடு என்னும் கிராமத்தில் ஒன்று சேர்த்தனர். அங்கிருந்து பெரும்பகுதியினர் 1970களில் இங்கே குடிபெயர்ந்தனர்.

வேட்டையும் மீன்பிடிப்பும் உண்டென்றாலும், காட்டைத் திருத்தி எரித்துப் பயிரிடும் கசப்பு மரவள்ளியே அடிப்படை உணவு. அதில் சயனைடு நஞ்சு உருவாகும் என்பதால், கிழங்கைத் துருவி, பின்னப்பட்ட நீண்ட குழல் ஒன்றில் அடைத்து, அதைக் கீழ்நோக்கி இழுத்துச் சாற்றைப் பிழிந்தெடுத்த பின்னரே மாவைச் சலித்து அகன்ற ரொட்டியாகச் சுடுகின்றனர். ஆய்வுக்கூடம் எதுவுமின்றி உருவான இந்த முறை, என் பார்வையில், அவ்வூரின் எந்தக் காட்சிப் பொருளையும்விட வியப்புக்குரியது.

அருகிலுள்ள வெரெபாய் குகைகளில் 300க்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கல்கள் உள்ளன. வெளியுலகம் அவற்றை அறிந்ததே 2000ஆம் ஆண்டில்தான். 2010இல் இப்பகுதியில் நடந்த உயிரியல் ஆய்வு ஏறத்தாழ 1,300 இனங்களைப் பதிவுசெய்தது. அவற்றுள் 46 அறிவியலுக்குப் புதியவையாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது.