கடையை மூடி ஆறு மாதம் ஆகிறது. ஜிஎஸ்டி எண்ணை அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வியாபாரமே இல்லை, வரி எங்கிருந்து வரும் என்று நினைத்திருப்பீர்கள். எண் உயிரோடு இருக்கும்வரை விற்பனை பூஜ்யமானாலும் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கு ரிட்டர்னைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை தாமதக் கட்டணம்.

“ஆறு மாதம் தாக்கல் செய்யாவிட்டால் துறையே ரத்து செய்துவிடுமே” என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். செய்யும்தான். ஆனால் அப்படி ரத்தானாலும் பழைய பாக்கி போகாது, கடைசி ரிட்டர்னும் போட்டே ஆகவேண்டும். நாளைக்கு அதே பான் எண்ணில் வேறு தொழில் தொடங்கப் போனால் முதலில் இந்தக் கதையைத்தான் கேட்பார்கள்.

முதலில் நிலுவை ரிட்டர்ன்களை முடியுங்கள். பிறகு ஜிஎஸ்டி போர்ட்டலில் ரெக்-16, அதாவது பதிவை ரத்து செய்யக் கேட்கும் விண்ணப்பம். தொழில் நின்ற 30 நாளுக்குள் போட்டிருக்க வேண்டியது, தாமதமானாலும் போடுங்கள். அதில் கையிருப்புச் சரக்கு என்றொரு கட்டம் வரும். சிக்கலே அங்கேதான். கடை காலி என்று பலர் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள், சரக்கு வீட்டு மாடியில் கிடக்கும். 2 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 36,000 ரூபாய் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு) எடுத்திருப்பீர்கள். அதையோ, அந்தச் சரக்கை விற்றால் வரும் வரியையோ, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். லெட்ஜரில், அதாவது போர்ட்டலில் உள்ள உங்கள் வரவுக் கணக்கில், 30,000 இருந்தால் 6,000 கையிலிருந்து போகும். இயந்திரத்துக்கு ஆயுள் 60 மாதம் என்று கணக்கு. 36 மாதம் ஓடியிருந்தால் மீதி 24 மாதத்துக்கான உள்ளீட்டு வரியை, விற்பனை மதிப்பின் வரியோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அதனால் ரத்துத் தேதிக்கு முன்பே பில் போட்டு விற்றுவிடுவது நல்லது. கொள்முதல் பில் தொலைந்திருந்தால் சந்தை விலையில் மதிப்பிட்டு, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சான்றிதழும் வாங்க வேண்டும்.

ரெக்-19 என்ற ரத்து ஆணை வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ரத்துத் தேதி, ஆணைத் தேதி இரண்டில் பிந்தியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னைப் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 200, உச்சம் 10,000 ரூபாய். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுவரவில் ஒரு சிறு சதவீதம் கட்டும் திட்டம்) இருந்தவர்களுக்கு இது கிடையாது. கேஷ் லெட்ஜரில், அதாவது வரிக்காக நீங்கள் போர்ட்டலில் பணமாகக் கட்டி வைத்த கணக்கில், மிச்சமிருப்பதை ஆர்எஃப்டி-01 விண்ணப்பம் போட்டுத் திரும்பக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். பதிவு செய்து கொடுக்கும் ஆட்களில் சிலர் தங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். ஓடிபி அவர்களுக்கு, நோட்டீஸும் அவர்களுக்கு. கடைக்காரருக்கு எதுவும் தெரிவதே இல்லை. எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. உங்கள் பதிவில் யார் எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் அடையாளச் சான்றோடு உங்கள் வட்டார ஜிஎஸ்டி அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

உள்ளாட்சியில் தொழில் உரிமம், தொழில் வரி இரண்டுக்கும் மூடிய தேதியைக் குறிப்பிட்டுத் தனித்தனிக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வங்கி நடப்புக் கணக்கை, திரும்பக் கேட்ட பணம் வந்து சேர்ந்த பிறகு மூடுங்கள். பில் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.