பர்மாவில் இறந்த பெரிய தாத்தாவைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் முனுசாமி, இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் இறந்ததாக வீட்டில் சொல்வார்கள். சொந்த ஊர் ஆந்திர எல்லையில் உள்ள சத்தியவேடு. ஒரு பதக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று அறிய முடியுமா?

பதில்: முடியும். பதக்கத்திலிருந்தே தொடங்குங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எத்தனையோ முனுசாமிகள் வந்து நிற்பார்கள்; அவர்களில் உங்களவரைப் பிரித்துக் காட்டுவது படை எண் ஒன்றுதான். இந்தியப் படையினருக்கு அளிக்கப்பட்ட பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். வட்டப் பதக்கமானால் விளிம்பிலும், நட்சத்திர வடிவமானால் பின்புறத்திலும் பாருங்கள். எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அழுக்கோடு எண்ணும் போய்விடும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் போதும்.

அடுத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இடம்பெறுகிறார்கள். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரையே இடுங்கள். அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், ‘முனு’வுக்கு ‘யு’வும் இரட்டை ‘ஓ’வும், ‘சாமி’க்கு ‘டபிள்யூ’ சேர்த்தும் சேர்க்காமலும், ‘முனி’ என்றுகூடவும் மாற்றி மாற்றித் தேடிப் பார்க்க வேண்டும். இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை கூடுதல் தகவலாகத் தரப்பட்டிருக்கும். எல்லைப்புறத்துக்காரர்கள் வழுக்குவது இங்கேதான். சத்தியவேடு 2022-இல் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அதற்கு முன் சித்தூர் மாவட்டம். ஆனால் 1960-இல் திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமும் கைமாறும்வரை அது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. உங்கள் பெரிய தாத்தா புறப்பட்டுப் போனது சென்னை மாகாணத்துச் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து. ஆகவே அதன் பழைய ஆங்கிலப் பெயரான ‘சிங்கிள்புட்’ (Chingleput) என்பதைக் கொண்டே தேடுங்கள்.

அடக்கம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்து வீரர்களுக்கு இயன்றவரை தகனமே செய்யப்பட்டது என்பதால், கல்லறை இல்லாமல் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கலாம். யாங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உள்ளன. வீட்டார் ‘பர்மா’ என்றது பர்மாவாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. இந்தியாவின் வடகிழக்கில், 1944-இல் கடும் சண்டை நடந்த இம்பாலும் கோகிமாவும் அந்தப் போர்முனையைச் சேர்ந்தவையே. கோகிமாவின் தகன நினைவுச் சின்னம் மட்டும் 917 இந்து, சீக்கிய வீரர்களை நினைவுகூர்கிறது.

எண்ணும் பிரிவும் கிடைத்துவிட்டால் அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவு என்றால் பெங்களூரு. கடிதத்தில் உறவுமுறையைத் தெளிவாகச் சொல்லி, பதக்கத்தின் படத்தை இணைத்து, ஊரின் பழைய மாவட்டம், புதிய மாவட்டம் இரண்டையும் குறிப்பிடுங்கள். அவருடைய மனைவியோ தாயோ குடும்ப ஓய்வூதியம் பெற்றிருந்தால், அந்தப் பழைய ஓய்வூதியப் புத்தகம் பரணில் எங்காவது கிடக்கிறதா என்று கடிதம் அனுப்பும் முன் ஒருமுறை தேடிவிடுங்கள். பதக்கத்தில் படிக்க முடியாமல் போன எண் அதில் இருக்கக்கூடும்.