பாசி எவ்வளவு உயரம் ஏறும்?

அன்புள்ள ஐயா,

தோணிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். வயது 68, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். திருநெல்வேலியில் மாடி அறையில் ஆறு வருடமாக மாதிரி ரயில் பாதை ஒன்று போட்டுவருகிறேன். 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜுக்கு (ஒரு மீட்டர் அகலப் பாதை) 12 மில்லி தண்டவாளம். அதன் கடைசி முனையில் இப்போது ஒரு கடல் துறை கட்டியிருக்கிறேன். தனுஷ்கோடியே அல்ல, அந்தக் கரையில் இருந்திருக்கக்கூடிய ஒன்று. 1963 வாக்கில் கப்பல் பயணிகளின் ரயிலான போட் மெயில் வந்து நிற்கிறது, பக்கத்தில் ஸ்டீமர். அப்பா கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதினார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மா, அக்கா, நான் மூவரும் அவரை வழியனுப்ப தனுஷ்கோடி வரை போனோம். அதன் நினைவாகத்தான் இது. படங்களை இணைத்திருக்கிறேன். துறையைப் பழசாக்க எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது? கடலுக்கு ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) ஊற்றலாமா, வார்னிஷே போதுமா? புதிதாகச் செய்ததை ஏன் அழுக்காக்குகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

— ஒரு வாசகர்

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் எங்கள் ஊர்க் கரையில் ஒரு பழைய உத்தரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். படகு அணைகிற சின்னத் துறை ஒன்றைப் பிரித்துவிட்டுச் சிமெண்டில் கட்டுகிறார்கள். பிரித்த மரம் விறகுக்குப் போகக் காத்துக் கிடந்தது. அதன் விளிம்பில் மூன்று பள்ளங்கள். கட்டைவிரலை வைத்தால் முழுசாக இறங்கியது. கயிறு வருடக்கணக்கில் இழுபட்டு அறுத்த பள்ளம். மரத்தின் மற்ற இடமெல்லாம் நார் நாராக எழும்பி நிற்க, பள்ளத்துக்குள் மட்டும் மெழுகு தடவியதுபோல வழுவழுப்பு. அதைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், உங்கள் படங்கள்.

முதலில் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பெயிண்ட் எந்தக் கம்பெனியானாலும் சரி, பளபளப்பு இல்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரெசின் ஊற்றுங்கள், ஆனால் இரண்டு மூன்று மில்லி கனத்தில் தட்டுத் தட்டாக ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கவிழ்த்தால் சூடேறி விரிசல் விடும். மீட்டர் கேஜ் கணக்கு சரி. ஆயிரம் மில்லியை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், 12 மில்லிப் பாதையில் யாரும் குறை சொல்ல முடியாது. பலகைகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிய பொறுமைக்கு என் வணக்கம்.

இனி கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். அந்தத் தூண்களை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? அடிமட்டப் பலகையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருப்பதால் அளந்துவிட்டேன். தண்ணீருக்கு மேலே பச்சைப் பாசி 3.5 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 87-ஆல் பெருக்குங்கள். 3 மீட்டர்! கடல் 3 மீட்டர் ஏறி இறங்குகிற ஊர் பாஸ்டன். ஏதோ அமெரிக்க வீடியோவைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறீர்கள், தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டர்கூடத் தேறாது. உங்கள் அளவில் ஒரு சென்டிமீட்டர், அதற்கும் குறைவு. அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்தான் எல்லாம் நடக்கும். மேல் பாதியில் சாம்பல் வெள்ளையாகக் கொட்டலசு (தூணில் ஒட்டி வாழும் சின்ன ஓட்டு உயிர்), கீழ்ப் பாதியில் பாசி. அதற்கு மேலே தூணில் பச்சையே கூடாது. அலை தெறிக்கிற இடத்தில் உப்புப் பூத்து, வெயிலில் வெளிறி, போல்ட் இருக்கிற இடத்தில் துரு கீழ்நோக்கி ஒழுகியிருக்கும். இரும்பு வேகமாகத் துருப்பிடிப்பது தண்ணீருக்குள் அல்ல, ஓத மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் அந்தப் பட்டையில்தான். மேடைக்கு அடியில் வெயில் படாத உள்வரிசைத் தூண்கள் வெளிறாது, கருத்தே நிற்கும். நீங்கள் வெளித்தூணுக்கும் உள்தூணுக்கும் ஒரே பிரஷ்ஷால் ஒரே நிறம் கொடுத்திருக்கிறீர்கள்.

இதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிடலாம். என்னைத் தொந்தரவு செய்வது வேறு. உங்கள் துறையில் நாலு பலகை உடைந்து தொங்குகிறது. ஓரத்தில் கவிழ்ந்த படகு ஒன்று. கூரைத் தகரம் முழுக்கத் துரு. அண்ணாச்சி, 1963-இல் அது இப்படியா இருந்தது? 1914-லிருந்து நாள்தோறும் ஜனங்கள் ரயிலிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சோடு நடந்து, ஸ்டீமர் ஏறி, சுமார் 35 கிலோமீட்டர் கடந்து தலைமன்னாருக்குப் போன வழி அது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்து, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் ஊரையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நாம் எல்லோரும் பார்த்ததெல்லாம் இடிந்த தேவாலயச் சுவரும் ஸ்டேஷன் சுவரும்தான். அந்தப் படங்கள் நம் கண்ணில் ஒட்டிக்கொண்டுவிட்டன. உங்கள் அப்பா உடைந்த பலகை மேல் நடந்து கப்பல் ஏறவில்லை. அவர் ஏறியது ரயில்வே ஆட்கள் தினமும் பெருக்கி, தார் பூசி, பழுது பார்த்து வைத்திருந்த துறையில். புயல் வருவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே அதை நீங்கள் இடித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

பழசு வேறு, பாழ் வேறு. ஆள் இல்லாத இடம் பாழாகும். ஆள் புழங்குகிற இடம் பழசாகும். இரண்டுக்கும் அடையாளம் நேர் எதிர். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் பெரியப்பா. தோணிகளில் சரக்கு ஏற்றும்போது மூட்டைக் கணக்கு எடுப்பது அவர் வேலை. பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் கூடவே போய்விடுவேன். கயிறு கட்டும் இரும்புக் குற்றி ஒன்றின்மேல் துண்டை விரித்து அவர் உட்காருவார். அந்தக் குற்றியின் கழுத்து, தோணியைக் கட்டும் தடித்த ஆலாத்துக் கயிறு சுற்றிச் சுற்றி வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுங்கும். கயிறு தொடாத அடிப்பக்கத்தில் துரு அடை அடையாகப் பெயரும். "எது மினுங்குதோ அதுதான்டா வேலை செய்யுது" என்பார். தோணி வராத நாட்களில் மூன்றாம் நாளே கழுத்திலும் செம்மண் நிறம் படர்ந்துவிடும். மூட்டை தூக்குகிறவர்கள் நடக்கிற பாதை, துறையில் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கமாக வளைந்து போகும். அங்கே மட்டும் பலகை குழிந்து, கால் எண்ணெய் ஊறி, கருப்பாக மெத்தென்று இருக்கும். இரண்டடி தள்ளி, யாரும் மிதிக்காத இடத்தில், வெயிலில் சாம்பல் பூத்துச் சிலாம்பு குத்தும். வெறுங்காலோடு நடந்தால் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். எனக்கு இன்றும் உள்ளங்காலில் அது இருக்கிறது.

ஆகவே முதலில் உங்கள் துறையில் யார் எங்கே நடந்தார்கள் என்று பென்சிலால் கோடு போடுங்கள். ரயில் பெட்டிக் கதவிலிருந்து ஸ்டீமர் ஏறுபலகை வரை ஒரு பாதை. போர்ட்டர் தள்ளுவண்டி திரும்புகிற இடத்தில் சக்கரத் தடம். கயிறு உரசுகிற விளிம்பில் பள்ளம்; நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஆழம் என்றால் உங்களுக்குக் கால் மில்லிக்கும் குறைவு, வட்ட அரத்தால் ஒரு இழுப்பு போதும். தண்டவாளத்தின் தலையை எமரித் தாள் வைத்துத் தேய்த்துப் பளிச்சென்று விடுங்கள், பக்கங்களில் மட்டும் துரு. எஞ்சின் நிற்கிற இடத்தில் பலகையில் எண்ணெய்க் கறையும் கரித்தூளும். இவ்வளவும் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் வெயிலுக்கும் உப்புக்கும் வேலை கொடுங்கள்.

அந்தச் சாம்பல் நிறத்துக்குப் பெயிண்டே வேண்டாம். துருப்பிடித்த ஆணிகளை ஒரு பாட்டிலில் வினிகர் ஊற்றி ஒரு வாரம் ஊறப் போடுங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு கிளம்பும். பலகைகளில் முதலில் கட்டி டீ டிகாக்‌ஷன் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இந்த வினிகரைத் தடவுங்கள். டீயில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, கண் முன்னாலேயே மரம் கிழடு தட்டும். பெயிண்ட் மரத்தின்மேல் உட்காரும், இது மரத்துக்குள்ளேயே நிறம் மாறுவது. ஒட்டுவதற்கு முன்பே பூச வேண்டும். பசை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. நீங்கள் ஒட்டிவிட்டீர்கள். நடைபாதைப் பலகைகளையாவது பெயர்த்தெடுத்து மறுபடி செய்யுங்கள். முணுமுணுக்காதீர்கள், ஆறு வருடம் போட்டவருக்கு இன்னும் இரண்டு மாதம் பெரிதல்ல.

வீட்டில் கேட்பதற்கு: கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் ஜான் ஆலன் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். மாதிரி ரயிலைக் கடையிலிருந்து வாங்கிய பளபளப்போடு ஆட்கள் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், புகையும் துருவும் படிந்த ரயிலை ஓட்டிக் காட்டி, அதை மற்றவர்களும் பின்பற்ற வைத்தவர்களில் முக்கியமானவர் அவர். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து அவர் உருவாக்கிய ரயில் உலகம் போய்விட்டது. இருபது வருடத்துக்கு மேல் உழைத்தது. படங்கள் மிஞ்சியதால் இன்றும் ஆட்கள் அவரிடம் கற்றுக்கொள்கிறார்கள். நீங்களும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். மேலிருந்து எடுக்காதீர்கள். கேமராவைத் துறையின் பலகை மட்டத்துக்கு இறக்கி, ஆறு வயதுப் பையன் நின்று பார்க்கிற உயரத்தில் எடுங்கள். உங்கள் அளவில் அது பலகையிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர்.

இன்னொன்று. கடிதத்தில் அப்பா ஏறிய ஸ்டீமர் துறையின் எந்தப் பக்கம் நின்றது என்று நீங்கள் சொல்லவில்லை. படத்தில் இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி இருக்கிறது. அக்கா உங்களைவிடப் பெரியவர், அவருக்கு ஞாபகம் இருக்கலாம். அம்மா எந்த இடத்தில் நின்றார்கள், கையில் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். இன்றைக்கே போன் போடுங்கள். அவர் சொன்ன பிறகு பலகையைப் பெயர்க்க ஆரம்பித்தால் போதும்.