டர்போ வண்டியும் நெல்லை வெயிலும்: வாசகர் கேள்வி-பதில்

பங்குனி பிறந்ததும் என் பட்டறைக்கு வரும் வண்டிகளின் குறை மாறிவிடும். தை, மாசியில் "இழுவை போதவில்லை" என்று வந்தவர்கள் இப்போது "சூடு ஏறுகிறது" என்று வருகிறார்கள். போலோ, பலேனோ ஆர்எஸ், அல்ட்ராஸ், ஐ20 என் லைன் போன்ற சின்ன டர்போ வண்டிகளை (காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கருவி உள்ளவை) ரீமேப் செய்து, அதாவது என்ஜினை ஆளும் கணினியின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டி, ஓட்டுபவர்கள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். சக்தியைக் கூட்டுவது ஒரு மத்தியான வேலைதான். கூடிய சூட்டை வெளியேற்றுவதற்குத்தான் நிதானமும் யோசனையும் வேண்டும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைப் பற்றியவை.

வண்ணார்பேட்டை வாசகர்: ரீமேப் செய்த 1.2 டிஎஸ்ஐ டர்போ என்ஜின் போலோ வைத்திருக்கிறேன். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் பெரிதாகப் போட்டாயிற்று. மேம்பாலத்துப் பக்கம் நெரிசலில் ஏசியோடு நின்றால் ஸ்கேனரில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு 108 டிகிரி காட்டுகிறது. நான்குவழிச் சாலையில் ஏறியதும் 92-க்கு இறங்கிவிடுகிறது. அலுமினிய ரேடியேட்டர் வாங்கிவிடட்டுமா?

வாங்காதீர்கள். விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஓடும்போது 92-இல் நிற்கும் வண்டியின் ரேடியேட்டரில் குறையில்லை. நிற்கும்போது காற்றை இழுத்துத் தர வேண்டியது ஃபேன். அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஏசியைப் போட்டு ஃபேனை ஓடவிடுங்கள். செய்தித்தாளில் ஒரு தாளை விரித்து முன் கிரில்லில் வைத்துக் கையை எடுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் ஃபேன் இழுப்பது போதவில்லை. தாளை உங்கள் பக்கமாகத் தள்ளினால் யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபேனைத் திருப்பி ஓட வைத்திருக்கிறார்கள். இப்படி இரண்டு வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய இன்டர்கூலருக்கு இடம் வேண்டும் என்று அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். உறை இல்லாவிட்டால் இறக்கைக்கு நேராக இருக்கும் வட்டத்தில் மட்டுமே காற்று போகும்; ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். ஃபேன் இரண்டு வேகத்தில் ஓடும் வண்டி என்றால் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்திருக்கிறதா என்றும் சோதியுங்கள். அது போய்விட்டால், சூடு எல்லை மீறிய பிறகே ஃபேன் முழு வேகத்தில் எழுந்து ஓடும். டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து ஃபேனை ஓட்டும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். ஒருநாள் போட மறப்பீர்கள். அன்றைக்கு என்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளையும்.

தென்காசி வாசகர்: புளியரையில் எஸ் வளைவு தாண்டி ஆரியங்காவு நோக்கி ஏறும்போது, பாதி ஏற்றத்துக்கு மேல் வண்டி சோர்ந்துவிடுகிறது. சூட்டு முள் நடுவில்தான் நிற்கிறது. எரிபொருள் பம்பை மாற்றச் சொல்கிறார்கள்.

முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில், ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 வரை அந்த முள் ஒரே இடத்தில் நிற்கும்படி கம்பெனியே அமைத்திருக்கிறது. ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காகச் செய்தது. அது நகரத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினி தரும் அளவுகளைக் காட்டும் கருவி) ஒன்றைச் செருகி, கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு ஆகிய இரண்டையும் பாருங்கள். உங்கள் நோய் இரண்டாவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. டர்போ காற்றை அமுக்குகிறது; அமுக்கினால் காற்று சுடும். வெளியே 40 டிகிரி இருக்கும்போது ஒரு பார் அழுத்தம் ஏற்றினால், டர்போவின் திறனை 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காற்று ஏறத்தாழ 138 டிகிரியில் வெளிவரும். அதை 55, 60-க்கு இறக்குவது இன்டர்கூலரின் வேலை. மலை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்கிறீர்கள். டர்போ முழு மூச்சில் வேலை செய்கிறது. முன்னால் காற்றோட்டமோ கிட்டத்தட்ட இல்லை. வருகிற கொஞ்சக் காற்றும் லாரியின் புகையோடு சேர்ந்த சூடு. இன்டர்கூலர் தன் எடை தாங்கும் மட்டும் சூட்டை வாங்கிக்கொண்டு, பிறகு கைவிட்டுவிடுகிறது. உள்ளே சூடான காற்று போனால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து என்ஜின் தட்டத் தொடங்கும். என்ஜினை ஆளும் கணினியான ஈசியூ, பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி என்ஜினைக் காப்பாற்றுகிறது. நீங்கள் உணரும் சோர்வு அதுதான். வண்டி உங்களிடம் கெஞ்சுகிறது. எரிபொருள் பம்ப் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

நல்ல ஓட்டத்தில் உள்காற்றின் சூடு வெளிக்காற்றைவிட 15, 20 டிகிரிக்குள் நின்றால் திருப்தி அடையலாம். ஏற்றத்தில் 70-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. உடனே கனமான பெரிய இன்டர்கூலருக்கு ஓட வேண்டாம். கட்டையான கோர் (இன்டர்கூலரில் காற்று ஆறும் நடுப்பகுதி) பத்து வினாடி வேகத்துக்கு நல்லது; ஒருமுறை சுட்டுவிட்டால் ஆற வெகுநேரம் பிடிக்கும். அது ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைக்கும். நம் ஏற்றங்கள் நீளமானவை. தடிமன் குறைந்து அகலம் கூடிய கோரையே நான் போடுவேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பம்பருக்குள் கையை விட்டு, கிரில்லுக்கும் கோருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளைத் தடவிப் பாருங்கள். வரப்பில் நண்டு வளை இருந்தால் மடையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் வயலுக்குப் போய்ச் சேராது. காற்றும் அப்படித்தான். கோருக்குள் நுழைவது கஷ்டம், பக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்றால் ஓட்டை வழியே போய்விடும். மெல்லிய அலுமினியத் தகடு, சூடு தாங்கும் ஃபோம் பட்டை, ஒரு நாள் உழைப்பு இவை போதும். இடைவெளிகளை அடைத்த பிறகு, வேறு எதையும் மாற்றாமலே 8, 10 டிகிரி இறங்கிய வண்டிகள் என் கைவழியே போயிருக்கின்றன.

உங்கள் வண்டி 1.0 டிஎஸ்ஐ போல, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் உள்ளதா? அப்படியானால் அதற்குத் தனிச் சுற்று, தனிச் சின்ன பம்ப் உண்டு. அந்த மின் பம்ப் சத்தமில்லாமல் செத்துப்போகும். என்ஜின் ஓடும்போது அதன்மேல் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும்.

வள்ளியூர் வாசகர்: அண்ணாச்சி, எங்கள் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றலாமா? ஊரில் எல்லாரும் ஊற்றுகிறார்கள்.

கூடாது. உங்கள் பக்கத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவுதான் சிலிண்டரைச் சுற்றியும் படியும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்; ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். கூலன்டோடு கலக்கப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

நமக்குப் பனி உறைவதில்லையே, பிறகு கூலன்ட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். துருவைத் தடுக்கவும், கொதிநிலையைக் கூட்டவும். பாதிக்குப் பாதி கலந்தால் அழுத்தமில்லாமலே ஏறத்தாழ 107 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் கெட்டியாகக் கலந்தால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடில்லை; கூலன்டில் இருக்கும் கிளைக்கால் கூடக்கூடச் சுமக்கும் திறன் குறையும். உங்கள் கம்பெனி அனுமதிக்கும் அளவில் குறைந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, ரோஸ் என்பதெல்லாம் வெறும் சாயம். கையேட்டில் சொன்ன வகை எது என்று பாருங்கள். வகை மாறிக் கலந்தால் உள்ளே கூழாகிவிடக்கூடும்.

ஒன்றைக் கைகூப்பிக் கேட்கிறேன். பழைய கூலன்டை வாசலில் திறந்துவிடாதீர்கள். அது இனிக்கும். நாய் நக்கும், ஆடு குடிக்கும். சிறுநீரகம் செயலிழந்து சாகும். ஒரு கேனில் பிடித்து மூடி வையுங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: ஊருக்குள் எந்தத் தொல்லையும் இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் 104, 106 என்று ஏறுகிறது. ரேடியேட்டரை வெளியே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டேன்.

முதல் கேள்விக்காரருக்கு நேர் எதிர் உங்கள் நிலை. வேகத்தில் காற்று தாராளமாக இருந்தும் சுடுகிறது என்றால், காற்று உள்ளே போகவில்லை, அல்லது தண்ணீர் ஓடவில்லை.

போன தை மாதம் உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு ஹேட்ச்பேக் வந்தது. அவரும் கழுவித்தான் கொண்டுவந்தார். முன்பக்கம் ஏசி கன்டென்சர் பளிச்சென்று இருந்தது. பம்பரைக் கழற்றி, கன்டென்சரை இரண்டு விரற்கடை முன்னால் சாய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு பாய். சாலையில் காயப்போட்ட நெல்லின் பதர், வைக்கோல் துணுக்கு, எருக்கம்பஞ்சு, பருத்தித் தூசி, ஐப்பசி மழையில் மொய்த்த ஈசலின் இறகுகள், எல்லாவற்றையும் கரிசல் புழுதி சேர்த்து ஒட்டியிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கிழியாமல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதே வண்டி மறுநாள் அதே வேகத்தில் 91-இல் நின்றது. அவர் புது ரேடியேட்டருக்கு முன்பணம் கட்டியிருந்தார். திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

கழுவும்போது என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, தோட்டத்துக் குழாய் வேகத்தில் அடியுங்கள். வாகனம் கழுவும் இடத்து அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப் படுத்துவிடும். அதைச் சீப்பு கொண்டு நிமிர்த்துவது பெரும்பாடு.

அழுக்கு இல்லை என்றால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைப் பாருங்கள். ஒருவர் நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை 4000 சுற்றுக்குக் கொண்டுபோகட்டும். வாட்டர் பம்ப் இழுக்கும் இழுப்பில் ஹோஸ் வயிறு ஒட்டி உள்வாங்கினால் அதை மாற்ற வேண்டும். அலங்காரத்துக்காகப் போடும் மலிவு சிலிக்கோன் ஹோஸ்களில் இது நடக்கிறது. என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு கழன்றுபோய்ப் பலர் திரும்பப் போடுவதேயில்லை. அது சேறு தடுக்க மட்டும் வைத்ததல்ல. ரேடியேட்டர் வழியே வந்த காற்று வெளியேறும் வழியை அது ஒழுங்குபடுத்துகிறது. உள்ளே வந்த காற்று வெளியே போனால்தானே அடுத்த காற்று வரும்.

இத்தனையும் சரியாக இருந்து, கூலன்ட் தொட்டியில் ஓயாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சோதனை செய்துவிடுங்கள். நீல நிறத் திரவத்தைத் தொட்டியின் வாயில் வைத்து அதன் ஆவியை இழுப்பார்கள். பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு கூலன்டுக்குள் கலக்கிறது என்று பொருள். பூஸ்ட் (டர்போ ஏற்றும் அழுத்தம்) கூட்டிய வண்டிகளில் இது வரக்கூடியதுதான்.

அம்பாசமுத்திரம் வாசகர்: தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு நல்லது என்கிறார் மெக்கானிக்.

பழைய டீசல் வண்டிக் காலத்துப் பழக்கம் அது. உங்கள் வண்டிக்கு வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகும். ஈசியூ இன்னும் குளிர்ந்த என்ஜின் என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டும். அது ஆயிலில் கலந்து மெலிய வைக்கும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிச் சுற்றி வரும். அதாவது சூடு கூடும். சந்தேகமாக இருந்தால் புதிதாக ஒன்று போடுங்கள்.

களக்காடு வாசகர்: அழுத்தம் கூடிய ரேடியேட்டர் மூடி போடலாமா?

கம்பெனி மூடியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மேல் போகாதீர்கள். மூடி சூட்டைக் குறைப்பதில்லை. கொதிப்பதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். பத்து வருடம் வெந்த பிளாஸ்டிக் தொட்டியும், மூன்று ஹோஸ்கள் சேரும் டீ இணைப்பும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காது. சென்ற வாரம் ஒரு டீ இணைப்பைக் கழற்ற இரண்டு விரலால் பிடித்தேன். முறுக்கு போல நொறுங்கிக் கையில் வந்தது. அந்த வண்டி நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டி 40 கிலோமீட்டர் அதோடு ஓடி வந்திருக்கிறது.

திருநெல்வேலி டவுன் வாசகர்: ஆயில் கூலர் அவசியமா? வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுகிறதே, பழுதா?

ஃபேன் ஓடுவது பழுதல்ல. என்ஜின் நின்ற பிறகு டர்போவில் மிஞ்சிய சூட்டை வெளியேற்ற அப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆயில் கூலர் பற்றி: முதலில் ஆயில் சூட்டை அளக்க வழி செய்யுங்கள். 110 டிகிரிக்குள் இருந்தால் பணத்தை வையுங்கள். அடிக்கடி 130-ஐத் தொட்டால் போட வேண்டியதுதான். தெர்மோஸ்டாட் உள்ள தட்டோடுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் ஆயில் சூடேறவே ஏறாது. அதைவிட மலிவான மருந்து, வீடு சேர்வதற்கு முந்தைய இரண்டு கிலோமீட்டரைப் பூஸ்ட் ஏறாமல் ஓட்டுவது. பேட்டையைத் தாண்டியதும் காலைத் தளர்த்திக்கொள்ளுங்கள். வாசலில் நின்று ஐந்து நிமிடம் ஐடிலில் விடுவதைவிட இது நல்லது; ஓடும் காற்றில் எல்லாம் சேர்ந்து ஆறும்.

கங்கைகொண்டான் வாசகர்: நடுவழியில் ஆவி பறக்க ஆரம்பித்தால் என்ன செய்வது? போன மாதம் எனக்கு நேர்ந்தது; பயந்துவிட்டேன்.

பயந்தது தப்பில்லை. சிவப்பு விளக்கு எரிந்த கணமே ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு ஃபேனில் திறந்துவிடுங்கள். ஜன்னல்களை இறக்கிக்கொள்ளுங்கள். அந்த ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது கை கொடுக்கும். நிறுத்தியதும், ஆவியோ கசிவோ இருந்தால் என்ஜினை உடனே அணைத்துவிடுங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 110, 120 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தால் மட்டுமே தண்ணீராக இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். தழும்போடு வந்த பையன்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். குடத்து நீரை என்ஜின்மேல் ஊற்றவும் கூடாது. சூடான அலுமினிய ஹெட் விரிசல் விடும். ஒரு மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். அது தொளதொளவென்று இருந்தால், துணியை மடித்து மூடியின்மேல் போட்டுக் கால் திருகு மட்டும் திருப்புங்கள். சீறினால் விட்டுவிடுங்கள். சீறல் நின்ற பிறகு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று கீழே குனிந்து பாருங்கள். ஒழுக்கு நிற்காவிட்டால் என்ஜினை மறுபடி முடுக்க வேண்டாம். வண்டியைத் தூக்கிச் செல்லும் வாகனத்தை அழையுங்கள்.