கேள்வி – பதில்: வாஞ்சி மணியாச்சி

கேள்வி: மணியாச்சி ஊர் சிறியது. அருகில் கோவில்பட்டி போன்ற பெரிய ஊர் இருக்க, இந்தக் கரிசல் காட்டில் ஜங்ஷன் அமைத்தது ஏன்?
(கோவில்பட்டி வாசகர்)

பதில்: ஊரைப் பார்த்து வைத்த ஜங்ஷன் அல்ல இது, துறைமுகத்தைப் பார்த்து வைத்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1876இல் மதுரைக்குத் தெற்கே பாதையை நீட்டியபோது, அதன் கண் தூத்துக்குடியின் மீதுதான் இருந்தது. கரிசல் பூமியில் விளைந்த பருத்தி அங்கிருந்துதான் கப்பலேறியது; கொழும்புக்குச் செல்லும் பயணிகளும் அங்குதான் நீராவிக் கப்பலைப் பிடித்தார்கள். ஆனால் மாவட்ட நிர்வாகம் நடந்தது திருநெல்வேலியில். ஆகவே துறைமுகத்துக்குப் போகும் பாதையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை தேவைப்பட்டது. அது பிரிவதற்கு வாகான இடமாக மணியாச்சி அமைந்தது. இங்கிருந்து தூத்துக்குடியும் திருநெல்வேலியும் ஏறத்தாழ ஒரே தொலைவு, முப்பது கிலோமீட்டர் அளவில்தான். இன்று ஒட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கும் இந்தக் கிராமத்துக்கு ரயிலால் கிடைத்த பெயர் அப்படி வந்ததே தவிர, ஊரில் பெரிய சந்தையோ ஆலையோ இருந்ததால் அல்ல.

கேள்வி: கலெக்டர் ஆஷ் நடைமேடையில் நடந்து சென்றபோது சுடப்பட்டார் என்று பள்ளியில் படித்தேன். ரயில் பெட்டிக்குள் என்கிறார் நண்பர். எது சரி?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: நண்பர் சொல்வதே சரி. அதைவிடச் சுவையான கேள்வி, திருநெல்வேலியில் இருந்த கலெக்டர் மணியாச்சியில் ஏன் காத்திருந்தார் என்பது. விடை அன்றைய கால அட்டவணையில் இருக்கிறது.

1911 ஜூன் 17 காலை ஒன்பதரை மணிக்கு ஆஷும் அவர் மனைவி மேரியும் திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். கொடைக்கானலில் தங்கியிருந்த தம் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்ட பயணம் அது. வண்டி 10.38க்கு மணியாச்சியை அடைந்தது. கொழும்புக் கப்பல் பயணிகளுக்காகத் தூத்துக்குடியிலிருந்து வடக்கே செல்லும் ரயிலான சிலோன் போட் மெயில் 10.48க்கு வர வேண்டும். இடையில் இருந்தது பத்து நிமிடம். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து அந்த மெயிலுக்காகக் காத்திருந்த வேளையில்தான், வாஞ்சிநாதன் பெட்டியை நெருங்கி பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார். பிறகு நடைமேடை வழியாக ஓடி, நிலையத்துக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டார். அவருடன் வந்த இளைஞர் தப்பி ஓடினார், பின்னர் பிடிபட்டார். வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம், ஐந்து நாட்களில் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவைக் கண்டித்தது.

ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனியை வ.உ.சி. நடத்திய நாட்களில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொழும்புக் கப்பல் போட்டியில் வளர்ந்த பகை, அந்தக் கப்பலுக்காகவே ஓடிய ரயிலின் ஜங்ஷனில் வந்து முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கேள்வி: அப்படியானால் வாஞ்சிநாதன் மணியாச்சிக்காரரா?
(விளாத்திகுளம் வாசகர்)

பதில்: இல்லை. அவர் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்த செங்கோட்டையைச் சேர்ந்தவர். புனலூரில் வனத்துறை வேலையில் இருந்தார். நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது விடுதலைக்குப் பல ஆண்டுகள் கழித்து.

கேள்வி: போட் மெயில் இப்போது மணியாச்சி வழியாகச் செல்வதில்லையே? தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டியில் இங்கே என்ஜினைக் கழற்றி மறுபுறம் மாட்டுகிறார்களே, அது எதற்கு?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இலங்கைப் பயணிகள் தனுஷ்கோடி வழியே தலைமன்னாருக்குச் செல்லத் தொடங்கினார்கள். போட் மெயிலும் அந்தப் பக்கம் போய்விட்டது. மணியாச்சி இழந்த பெருமை அதுதான். ஆனால் ஜங்ஷன் என்ற வேலையை அது இழக்கவில்லை. 1904இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கும், 1981இல் நாகர்கோவிலுக்கும் பாதைகள் இணைந்தபோது, ஒரு காலத்தில் கிளையாக இருந்த திருநெல்வேலிப் பாதையே முதன்மைப் பாதை ஆகிவிட்டது. 1990களில் மீட்டர் பாதை அகலப்பாதையானது. பின்னர் இரட்டைப் பாதையும் மின்மயமாக்கலும் வந்தன.

என்ஜின் விஷயம் எளிது. தூத்துக்குடிப் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் நிலையத்தின் தென்புறத்தில் பிரிகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டிய வண்டி வடக்கு நோக்கி நிலையத்துக்குள் நுழைந்து, மீண்டும் தெற்கே திரும்பியாக வேண்டும். என்ஜின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வருவது அதனால்தான். அந்த நேரம் பயணிகளுக்கு எரிச்சல் தரலாம். தேநீர் குடிப்பவர்களுக்கு அது வசதி.

இதனினும் பழகிய காட்சி ஒன்று இருந்தது. சென்னை எழும்பூரிலிருந்து வரும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிக்கான பெட்டிகளும் சேர்ந்தே வரும்; மணியாச்சியில் அவற்றைப் பிரித்து வேறு என்ஜினில் இணைப்பார்கள். கோயம்புத்தூர் வண்டிக்கும் இதே முறை. இந்த லிங்க் வண்டிகள் கொரோனா காலத்தில் நின்றன. பகலில் சென்னையிலிருந்து வரும் தூத்துக்குடிக்காரர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. அவர்கள் மணியாச்சியில் இறங்கி வேறு வண்டிக்கோ பேருந்துக்கோ மாற வேண்டியிருக்கிறது. இரவுப் பயணத்துக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் நேராகச் செல்கிறது. அது மணியாச்சியிலும் நிற்கும்.