வன்னியில் மேடே இல்லை. இங்கே சைக்கிள் ஓடிப் பழகியவரால் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பாதையில் ஏற முடியுமா?

தாராளமாக முடியும். நான் கிளிநொச்சிக்காரன். எங்களுக்கு மலை இல்லை, ஆனால் சோளகம் இருக்கிறது. மே தொடங்கி செப்ரெம்பர் வரை தென்மேற்கில் இருந்து அடிக்கிற அந்தக் காற்றுக்கு எதிராக உழக்கிப் பழகியவருக்கு, ஏற்றத்துக்கு வேண்டிய மூச்சும் தொடையும் பாதி சேர்ந்துவிடும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. நீங்கள் மணிக்கு 20 கிலோமீற்றரில் போக, எதிர்க்காற்றும் 20 என்றால், காற்றே இல்லாத நாளைப்போல 4 மடங்கு தடையைத் தள்ளுகிறீர்கள். அதை இரண்டு மணித்தியாலம் விடாமல் செய்கிறவர் ஏற்றத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

பழகுவதற்கு ஏ32 பாதையை விட நல்ல இடம் வன்னியில் எனக்குத் தெரியாது. பூநகரியில் இருந்து முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மன்னார்ப் பக்கம் தெற்கே போகிற பாதை அது. பல இடங்களில் மறைப்பே இல்லாத வெளி. கடைகளும் தூரத்துக்குத் தூரம்தான், ஆகவே தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். சோளக காலத்தில் தெற்கு நோக்கிப் போய், களைத்த பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போகிற ஏ34 பாதையும் நல்லது, ஆனால் காட்டுப்பகுதி. யானை வரும் இடங்கள் உண்டு, நன்றாக விடிந்த பிறகு புறப்பட்டு இருட்டுமுன் வந்துவிடுங்கள். எந்தப் பாதையானாலும், ஒதுங்குவதற்கு இறங்கும்போது மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, காற்றில் கிடைக்காத மற்றப் பாதி என்ன? பாரம். சமதரையில் பின்னால் 10 கிலோ பை இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவையும் நீங்கள்தான் தூக்குகிறீர்கள். ஆளும் சைக்கிளும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால், அதில் 10 கிலோவைக் குறைத்தாலே தூக்குகிற வேலையில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். அடுத்தது கியர். ஊரில் ஓடுகிற கியர் இல்லாத சைக்கிளில் தயவுசெய்து போக வேண்டாம். முன்னுக்கு 34 பல்லு, பின்னுக்கு 32 பல்லு என்ற அளவிலாவது ஒரு கியர் இருக்க வேண்டும். இருந்தபடியே சீராக உழக்கிக்கொண்டு போனால்தான் முழங்கால் தாங்கும். எழும்பி நின்று உழக்குவது குறுகிய தூரத்துக்குத்தான் சரிவரும்.

இனிப் பாதையைப் பற்றி. எங்கள் வாசலால் போகிற ஏ9 வீதியே கண்டிக்கும் போகிறது. வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை என்று தெற்கே போகப் போக நிலம் மெல்ல உயரும். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலடியில் ஒரு நல்ல ஓய்வு எடுங்கள். அதற்குப் பிறகு பலகடுவைக் கணவாயில்தான் முதல் உண்மையான ஏற்றம். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்தே மாத்தளைக்குப் போனார்கள். வழியில் நோயிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். 1977 இன வன்முறைக்குப் பிறகு மலையகத் தோட்டங்களில் இருந்து அவர்களின் வழிவந்த பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறின. அன்று அவர்கள் நடந்த பாதையை என் காலால் ஓடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என்னை முதலில் மலைக்கு இழுத்தது. உங்கள் அயலிலும் மலையகத்தில் சொந்தம் உள்ள வீடு இருக்கும், புறப்பட முன்னர் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கண்டியில் இருந்து கம்பளை வரை சுலபம். புசல்லாவையில் தேயிலை தொடங்கிவிடும். இறம்பொடை நீர்வீழ்ச்சி கடல்மட்டத்தில் இருந்து 945 மீற்றரில், நுவரெலியா 1,868 மீற்றரில். ஆகவே 900 மீற்றருக்கு மேல் மிச்சம் இருக்கிறது, லபுக்கலைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். வளைவுகளின் உள்பக்கம் செங்குத்து அதிகம், வாகனம் வராதபோது சற்று வெளியே எடுத்து ஓடினால் மூச்சு மிஞ்சும். கம்பளையில் வேகமாகப் போனவர்கள் இங்கேதான் இறங்கி உருட்டுவார்கள்.

நுவரெலியாவில் இரவு தங்குங்கள். அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளி சுமார் 32 கிலோமீற்றர். அம்பேவெலப் பண்ணையில் மேய்ச்சல் தரையும் காற்றாலைகளும் தெரியும். மரங்கள் விலகியதும் நேராக முகத்தில் அடிக்கிற காற்று, வன்னிக்காரருக்குப் பழகின காற்றுத்தான். பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891 மீற்றரில் இருக்கிறது. அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா வாசல் வரையான துண்டு கட்டையானாலும் கடுமையானது, கால் பலத்தைக் கம்பளையிலேயே முடித்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மேலே 2,100 மீற்றரைத் தாண்டிய புல்வெளி. உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போகிற சுற்று நடைதான், ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அதற்கும் காலில் பலம் மிச்சம் வையுங்கள்.

ஏற்றத்தை விட எனக்குக் கவலை இறக்கம். வன்னியில் அதைப் பழக இடமே கிடையாது. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும், அதனால் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கும், முன்னுக்கும் பின்னுக்கும் லைற் கட்டாயம். வியர்த்த உடம்போடு இறங்கும்போது குளிர் எலும்புக்குள் போகும், ஒரு காற்று மறைக்கிற சட்டை பையில் இருக்கட்டும்.

போக நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். மலையில் மழை குறைவு, வடகிழக்கில் இருந்து வருகிற வாடையின் மிச்சமும் ஏ9இல் உங்களைத் தெற்கே தள்ளிவிடும். ஏப்ரலில் நுவரெலியாவில் வாகன நெரிசல், அதைத் தவிருங்கள். உங்கள் சைக்கிளில் முன்னுக்கும் பின்னுக்கும் எத்தனை பல்லு என்று கீழே எழுதினால், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.